மன்னரும் மன்றமும்: திருவிதாங்கூர், குவைத் ஆட்சிமுறைகள் – ஓர் ஒப்பீடு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலை இன்று தமிழ்நாட்டையும் கேரளத்தையும் இணைக்கிறது. 1947 வரை அது இரண்டு வேறுபட்ட ஆட்சிமுறைகளை இணைத்தது. கீழே பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சியில் இருந்த சென்னை மாகாணம். மேலே, ஏலமலை முழுவதும், திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சி. காலையில் கீழே ஒரு சட்டத்தின்கீழ் கஞ்சி குடித்துவிட்டு மலையேறிய தொழிலாளி, மாலையில் மேலே வேறொரு சட்டத்தின்கீழ் உறங்கினார்.

ஏலமலையை ஆண்ட அந்த முடியாட்சியில் ஒரு சட்டமன்றமும் இருந்தது. மன்னரும் உண்டு, மன்றமும் உண்டு என்ற இந்த அமைப்பு இன்று அரபு நாடுகள் சிலவற்றில் காணப்படுகிறது. குவைத், ஜோர்டான், மொராக்கோ ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. மலையில் விளைந்து போடியில் ஏலம் போகும் ஏலக்காய்க்கு அரபு நாடுகள் நெடுங்காலமாகப் பெரிய சந்தை. அங்கே ஏலம் மணக்கும் ‘கஹ்வா’ காப்பி இல்லாமல் விருந்தோம்பல் இல்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அங்கே வேலை பார்க்கிறார்கள். எனவே அந்நாடுகளின் ஆட்சிமுறையை அறிய நம்மருகே இருந்த திருவிதாங்கூரிலிருந்து தொடங்குவது பொருத்தமானது.

முடியாட்சியின் வகைகள்

முடியாட்சியைப் பாடநூல்கள் இரு வகையாகப் பிரிக்கின்றன. மன்னரின் சொல்லே சட்டமாக இருப்பது முழு முடியாட்சி. அரசமைப்புச் சட்டத்துக்கு மன்னர் கட்டுப்பட்டிருப்பது அரசமைப்பு முடியாட்சி. பிரிட்டன், ஜப்பான் ஆகியவை இரண்டாம் வகைக்கு வழக்கமான எடுத்துக்காட்டுகள்.

நடைமுறையில் பல நாடுகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. அரசமைப்புச் சட்டம் எழுதப்பட்டிருக்கும், தேர்தலும் நடக்கும், ஆனாலும் ஆட்சி அரண்மனையின் கையில் இருக்கும். அத்தகைய நாட்டை எடைபோட நான்கு கேள்விகள் போதும். அமைச்சரவையை நியமிப்பவர் யார்? அதை நீக்கக்கூடியவர் யார்? மன்றத்தைக் கலைக்கக்கூடியவர் யார்? வாக்களிப்பவர் யார்? இந்த நான்கையும் முதலில் திருவிதாங்கூரிடமும் பிறகு குவைத்திடமும் கேட்போம்.

திருவிதாங்கூர்: ஆலோசனை மன்றங்கள்

ஸ்ரீமூலம் திருநாள் மன்னர் 1888 மார்ச் 30 அன்று ஒரு சட்ட ஆலோசனைக் குழுவை அமைத்தார். இந்திய சுதேச சமஸ்தானங்களில் இத்தகைய குழு அமைந்தது அதுவே முதல் முறை. உறுப்பினர் எண்ணிக்கை அதிகபட்சம் எட்டு. அவர்களில் அரசு அலுவலர் அல்லாதோர் குறைந்தது இருவர் இருக்க வேண்டும். திவான் தலைமை வகித்தார். சட்டங்களை ஆராய்ந்து சொல்வது குழுவின் வேலை. ஒப்புதல் தருவது மன்னரின் உரிமை.

1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை தோன்றியது. தாலுகாக்களிலிருந்து நிலவுடைமையாளர்களும் வணிகர்களும் வந்து தங்கள் பகுதியின் தேவைகளை அரசிடம் எடுத்துரைக்க இது வழிசெய்தது. தொடக்கத்தில் உறுப்பினர்களை அதிகாரிகளே தேர்ந்தெடுத்தனர். 1905-இல் தேர்தல் உரிமை வந்தது. ஆண்டுக்கு 50 ரூபாய்க்குக் குறையாமல் நிலவரி கட்டுவோர், உயர்ந்த வருமானம் உடையோர், பல ஆண்டுகளுக்கு முன் பட்டம் பெற்றோர் போன்ற சிறு பிரிவினருக்கே வாக்கு கிடைத்தது. சபை முறையிடலாம், சட்டம் இயற்ற முடியாது.

அப்படிப்பட்ட சபையும் பயனற்றுப் போய்விடவில்லை. ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் அய்யன்காளி 1911-இல் அதற்கு நியமிக்கப்பட்டார். நிலம், பள்ளிச் சேர்க்கை ஆகிய கோரிக்கைகளை அவர் திவானின் முன்னிலையிலேயே எழுப்பினார். பேச மட்டுமே உரிமையுள்ள மன்றம் என்றாலும், அதுவரை பேசவே இடமில்லாதவர்களுக்கு அது ஓர் இடம்தான்.

சட்ட ஆலோசனைக் குழுவும் படிப்படியாக விரிந்தது. 1920களின் தொடக்கத்தில் அதன் உறுப்பினர்கள் 50 பேர். அவர்களில் பெரும்பான்மையோர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆண்களுக்கு இருந்த அதே தகுதிகளின் அடிப்படையில் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1932-இல் சித்திரைத் திருநாள் மன்னர் வெளியிட்ட சீர்திருத்தச் சட்டம் ஈரவை முறையைக் கொண்டுவந்தது. 72 உறுப்பினர் கொண்ட ஸ்ரீமூலம் சபை கீழவை. 37 உறுப்பினர் கொண்ட ஸ்ரீசித்திரை மன்றம் மேலவை. வெளித்தோற்றத்தில் இது ஒரு முழு நாடாளுமன்றம்.

ஆனால் இரு அவைகளுக்கும் தலைவர் திவானே. அந்தத் திவானை நியமித்தவர் மன்னர். மன்றம் எத்தனை முறை எதிர்த்து வாக்களித்தாலும் திவானைப் பதவியிலிருந்து இறக்க முடியாது. மன்னர் குடும்பமும் பிரிட்டிஷ் அரசுடனான உறவும் மன்றத்தின் விவாதத்துக்கு அப்பாற்பட்டவை.

வாக்குரிமை சொத்தோடு கட்டப்பட்டிருந்ததால் ஈழவர், கிறித்தவர், முஸ்லிம் சமூகத்தினர் தங்கள் மக்கள்தொகைக்கு ஏற்ற இடங்களைப் பெற முடியவில்லை. அதை எதிர்த்து 1932–33-இல் அவர்கள் தேர்தலைப் புறக்கணித்த இயக்கமே ‘நிவர்த்தனப் போராட்டம்’. இதன் தொடர்ச்சியாகப் பின்னாளில் அரசுப் பணிகளிலும் மன்றத்திலும் இடஒதுக்கீடு வந்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மன்னராட்சி நல்லது எதுவும் செய்யவில்லை என்பது சரியல்ல. 1936 நவம்பர் 12 அன்று வெளியான ஆலயப் பிரவேச அறிவிப்பு, ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு அரசின் கட்டுப்பாட்டிலிருந்த கோயில்களைத் திறந்துவிட்டது. அது மன்றம் இயற்றிய சட்டம் அல்ல, மன்னரின் ஆணை. நல்ல ஆணை ஒன்று ஒரே நாளில் நாட்டை மாற்றலாம். அடுத்த ஆணையும் நல்லதாகவே இருக்கும் என்பதற்கு உறுதி என்ன என்பதே அரசியல் கேள்வி. அதற்கான விடை இரண்டே ஆண்டுகளில் தெரிந்தது.

பொறுப்பாட்சிக் கோரிக்கை

இக்காலத்தில் மலையின் கீழ்ப்பக்கம் வேறு காட்சி. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1937-இல் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்தது. சட்டமன்றத்தில் பெரும்பான்மை பெற்ற காங்கிரசின் சார்பில் ராஜாஜி பிரதம மந்திரியானார். அங்கும் எல்லோருக்கும் வாக்கு இல்லை. ஆளுநருக்குத் தனி அதிகாரங்கள் இருந்தன. ஆயினும் மன்றத்தின் நம்பிக்கை உள்ளவரே ஆட்சி நடத்துவார் என்ற விதி போடியில் நடைமுறைக்கு வந்தது. போடிமெட்டைத் தாண்டினால் அந்த விதி இல்லை.

மன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சரவையே ‘பொறுப்பாட்சி’ எனப்பட்டது. அதைக் கேட்டு 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தோன்றியது. பட்டம் தாணுபிள்ளை, டி. எம். வர்கீஸ், சி. கேசவன் ஆகியோர் முன்னணித் தலைவர்கள். அப்போது திவானாக இருந்தவர் சர் சி. பி. ராமசாமி ஐயர். இயக்கம் தடைசெய்யப்பட்டது, தலைவர்கள் சிறை சென்றனர், ஆகஸ்டில் நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அக்டோபர் 23 அன்று அக்கம்மா செறியான் பெரும் பேரணியை அரண்மனை நோக்கி நடத்திச் சென்றார். தலைவர்கள் விடுதலையாயினர், பொறுப்பாட்சி மட்டும் வரவில்லை.

1946-இல் திவான் ஒரு புதிய திட்டத்தை முன்வைத்தார். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு உண்டு, மன்றமும் உண்டு, ஆனால் மன்றத்தால் நீக்க முடியாத நிர்வாகத் தலைவராகத் திவான் இருப்பார். அமெரிக்கக் குடியரசுத் தலைவரை அந்நாட்டு மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே திவானை மன்னர் நியமிப்பார். இந்த வேறுபாட்டை மக்கள் உடனே கண்டுகொண்டனர். ‘அமெரிக்கன் மாடல் அரபிக்கடலில்’ என்ற முழக்கம் எழுந்தது. அந்த அக்டோபரில் ஆலப்புழைப் பகுதியில் தொழிலாளர் நடத்திய புன்னப்புரை–வயலார் எழுச்சி இராணுவத்தால் அடக்கப்பட்டது.

1947 ஜூனில், பிரிட்டிஷார் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று திவான் அறிவித்தார். ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் அவர் வெட்டப்பட்டு உயிர் தப்பினார். சில நாட்களில் மன்னர் இந்தியாவுடன் இணைய இசைந்தார். ஆகஸ்டில் திவான் பதவி விலகினார். செப்டம்பர் 4 அன்று மன்னர் பொறுப்பாட்சியை அறிவித்தார்.

பதினைந்து மாத அரசமைப்பு முடியாட்சி

1948 பிப்ரவரியில் வயது வந்தோர் வாக்குரிமை அடிப்படையில் 120 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. ஸ்டேட் காங்கிரஸ் பெரும்பான்மை பெற்றது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களைப் பெற்றது. மார்ச் 24 அன்று பட்டம் தாணுபிள்ளை பிரதம மந்திரியானார். அறுபது ஆண்டு மன்ற வரலாற்றில் மக்கள் தேர்ந்தெடுத்த முதல் அரசு இதுவே.

அதே ஆண்டு அக்டோபரில் தம் சட்டமன்றக் கட்சியின் நம்பிக்கையை இழந்து அவர் பதவி விலகினார். டி. கே. நாராயண பிள்ளை அடுத்து வந்தார். இதைக் கட்சிச் சண்டை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் 1888 முதல் 1947 வரை எந்தத் திவானையும் மன்றத்தால் நீக்க முடிந்ததில்லை. இப்போது ஏழே மாதத்தில் ஓர் அரசின் தலைவர் உறுப்பினர்களின் முடிவால் இறங்கினார், மன்னர் குறுக்கிடவில்லை. அரசமைப்பு முடியாட்சி என்பதன் பொருள் இந்த நிகழ்வில்தான் விளங்குகிறது.

1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. மன்னர் இராஜப்பிரமுகர் என்ற பதவிப் பெயருடன் தொடர்ந்தார். முடியாட்சி அத்துடன் முடிந்தது.

குவைத்: 1938-இன் மஜ்லிஸ்

குவைத்துக்கும் திருவிதாங்கூருக்கும் ஒரு பொதுத் தன்மை உண்டு. இரண்டும் பிரிட்டிஷாருடன் உடன்படிக்கை செய்து அவர்களின் பாதுகாப்பில் இருந்தவை. குவைத்தின் உடன்படிக்கை 1899-இல் ஷேக் முபாரக் காலத்தில் ஏற்பட்டது. இந்தியா விடுதலை பெறும் காலம்வரை வளைகுடா விவகாரங்களைப் பெரும்பாலும் கவனித்தது பிரிட்டிஷ் இந்திய அரசே. குவைத்தில் இந்திய ரூபாய் செலாவணியாக இருந்தது. குவைத் தினார் 1961-இல்தான் வந்தது.

திருவிதாங்கூரில் ஸ்டேட் காங்கிரஸ் தோன்றிய அதே 1938-இல் குவைத்தின் வணிகர்கள் தங்கள் அமீரிடம் ஒரு மன்றம் கேட்டனர். முன்னணிக் குடும்பத்தினர் 14 பேரைத் தேர்ந்தெடுத்தனர். அரச குடும்பத்தைச் சேர்ந்த ஷேக் அப்துல்லா அல்-சாலிம் மன்றத்தின் தலைவர். நிதி, நீதி, கல்வி ஆகியவற்றில் மன்றம் அதிகாரம் செலுத்த முற்பட்டது. டிசம்பரில் அமீர் அதைக் கலைத்தார். ஆறு மாதங்களே நீடித்த அந்த மன்றத்தின் நினைவு குவைத்தில் அழியவில்லை.

1962 அரசமைப்புச் சட்டம்

குவைத் 1961 ஜூன் 19 அன்று விடுதலை பெற்றது. அப்போதைய அமீர், 1938 மன்றத்துக்குத் தலைமை வகித்த அதே அப்துல்லா அல்-சாலிம். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசியல் நிர்ணய சபை உருவாக்கிய அரசமைப்புச் சட்டத்தை அவர் 1962 நவம்பர் 11 அன்று வெளியிட்டார். முதல் நாடாளுமன்றத் தேர்தல் 1963 ஜனவரியில் நடந்தது.

இச்சட்டத்தின்படி அமீர் பதவி முபாரக்கின் வழித்தோன்றல்களுக்கு உரியது. அதே சட்டம், இறையாண்மை மக்களிடம் உள்ளது என்றும் கூறுகிறது. இந்த இரண்டு கூற்றுகளுக்கும் இடையிலான இழுபறியே குவைத்தின் அரசியல் வரலாறு.

தேசிய மன்றத்தில் தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர்கள் 50 பேர். பிரதமரை அமீர் நியமிக்கிறார். அமைச்சர்களும் மன்றத்தில் அமர்ந்து வாக்களிக்கலாம். ஆனால் அவர்களின் எண்ணிக்கை மன்ற உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அரசியல் கட்சிகளுக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை; உறுப்பினர்கள் குழுக்களாகவே இயங்குகின்றனர். தேர்தல் பேச்சு பெரும்பாலும் ‘திவானியா’ எனப்படும் வீட்டுக் கூடங்களில் நடக்கிறது. நாம் அறிந்த ‘திவான்’ என்ற சொல்லின் உறவுச் சொல் இது.

மன்றத்துக்கு உண்மையான அதிகாரங்கள் உண்டு. அமீர் திருப்பி அனுப்பும் சட்டமுன்வடிவை மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையால் மீண்டும் நிறைவேற்றலாம். எந்த அமைச்சரையும் கூண்டில் நிறுத்துவதுபோல் கேள்வி கேட்டு, நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் நீக்கலாம். 2006 ஜனவரியில், உடல்நலம் குன்றியிருந்த அமீர் சாத் அல்-அப்துல்லாவைப் பதவியிலிருந்து விடுவித்ததும் இம்மன்றத்தின் வாக்கெடுப்பே. அரபு மன்னராட்சிகளில் இது அரிய நிகழ்வு.

பிரதமரை மட்டும் மன்றம் நேரடியாக நீக்க முடியாது. அவருடன் ஒத்துழைக்க இயலாது என்று தீர்மானிக்கலாம். அதன்பின் பிரதமரை விலக்குவதா, மன்றத்தைக் கலைப்பதா என்பது அமீரின் முடிவு. திருவிதாங்கூர்த் திவானின் நிலையோடு ஒப்பிட்டால் மன்றத்தின் கை இங்கே நீளம். ஆனால் கடைசிச் சொல் அரண்மனையுடையதே.

கலைப்பு என்னும் ஆயுதம்

மன்றத்தைக் கலைத்தால் இரண்டு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும். இல்லையெனில் கலைந்த மன்றம் மீண்டும் உயிர்பெறும் என்று 1962 சட்டம் சொல்கிறது. மன்னரின் கையைக் கட்டும் வலுவான விதி இது. ஆனால் 1976-இல் அமீர் மன்றத்தைக் கலைத்தபோது சட்டத்தின் சில பிரிவுகளையும் சேர்த்தே நிறுத்திவைத்தார். அடுத்த தேர்தல் 1981-இல்தான் நடந்தது. 1986-இல் மீண்டும் அதே கதை. மன்றத்தைத் திருப்பிக் கேட்டு 1989–90-இல் திவானியாக்களில் மக்கள் கூடினர். 1990 ஆகஸ்டில் ஈராக் படையெடுத்தது. நாடு மீண்ட பிறகு 1992-இல் தேர்தல் நடந்தது.

அதன்பின் பலமுறை மன்றம் கலைந்தாலும் தேர்தல்கள் தொடர்ந்தன. 2024 மே 10 அன்று அமீர் ஷேக் மிஷால் மன்றத்தைக் கலைத்து, அரசமைப்பின் சில பிரிவுகளை நான்கு ஆண்டுகளுக்கு மேற்படாத காலத்துக்கு நிறுத்திவைத்தார். மன்றத்துக்கும் அமைச்சரவைக்கும் இடையே ஓயாத மோதலால் நாட்டின் பணிகள் தேங்கின என்பது அரசுத் தரப்பு வாதம். அந்த மோதல் இருந்தது உண்மையே. மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றமும் மன்னர் தேர்ந்தெடுக்கும் அமைச்சரவையும் எதிரெதிரே அமர்ந்தால் மோதல் இயல்பாக வரும் என்பதும் உண்மையே.

ஜோர்டான், மொராக்கோ

ஜோர்டானின் 1952 அரசமைப்புச் சட்டம் அந்நாட்டை நாடாளுமன்ற முறையிலான பரம்பரை முடியாட்சி என்கிறது. அமைச்சரவை கீழவைக்குப் பொறுப்பு. மேலவையினரை அரசர் நியமிக்கிறார். 1956 தேர்தலுக்குப் பின் அமைந்த சுலைமான் நபுல்சியின் அரசை மன்னர் ஹுசைன் 1957 ஏப்ரலில் விலக்கினார். 1967-க்குப் பின் 1989 வரை பொதுத்தேர்தலே நடக்கவில்லை. மொராக்கோவின் 2011 சட்டம் ஒரு படி முன்னே சென்றது: தேர்தலில் முதலிடம் பெற்ற கட்சியிலிருந்தே பிரதமரை அரசர் நியமிக்க வேண்டும். எனினும் படை, சமயம் ஆகியவற்றின் தலைமை அரசரிடமே உள்ளது.

வாக்குச் சீட்டு இல்லாதவர்கள்

நான்காவது கேள்வி எஞ்சியிருக்கிறது: வாக்களிப்பவர் யார்? குவைத்தில் பெண்களுக்கு வாக்குரிமை தர அமீர் 1999-இல் ஆணை பிறப்பித்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே அதை நிராகரித்தது. 2005-இல்தான் மன்றம் இசைந்தது; 2009-இல் நான்கு பெண்கள் வென்றனர். மன்றம் எப்போதும் முற்போக்கு, மன்னர் எப்போதும் பிற்போக்கு என்ற எளிய கணக்கு செல்லாது என்பதற்கு இது சான்று. ஒரு சிலருக்கு மட்டும் வாக்கு இருக்கும்போது மன்றம் அந்தச் சிலரின் மனத்தையே எதிரொலிக்கும்.

குவைத்தில் வாழ்வோரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெளிநாட்டவர். கட்டடம் எழுப்புவோரும் வீட்டுவேலை செய்வோரும் கடை நடத்துவோரும் பெரும்பாலும் அவர்களே. எத்தனை ஆண்டு உழைத்தாலும் அவர்களுக்கு வாக்கு இல்லை.

ஏலமலைக்கு இது புதிய செய்தி அல்ல. திருவிதாங்கூர் மன்றத்தில் ஜன்மிகள், தோட்ட முதலாளிகள், வணிகர் ஆகியோருக்குத் தனி இடங்கள் இருந்தன. போடி, கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிச்சென்று ஏலக்காட்டில் களையெடுத்தவரும் காய் பறித்தவரும் நிலவரி கட்டுவோர் அல்லர். எனவே 1948 வரை பெரும்பாலும் வாக்காளரும் அல்லர். மன்னராட்சி முடிந்தபிறகும் இக்கேள்வி அவர்களைத் தொடர்ந்தது. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் எந்த மாநிலத்துக்கு உரியவை என்ற வழக்கில், அங்குள்ள தமிழர் பலர் தோட்ட வேலைக்கு வந்துபோகும் தொழிலாளர் என்ற வாதம் மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் முடிவில் இடம்பெற்றது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. ஏலமலை கேரளத்தில் நின்றது. ‘இங்கே உழைக்கிறாய், ஆனால் நீ இவ்வூரான் அல்ல’ என்ற சொல் மலையிலும் பாலைவனத்திலும் ஒன்றுபோலவே ஒலிக்கிறது.

முடிவாக

திருவிதாங்கூரில் 1888 முதல் மன்றம் இருந்தது. அதற்குப் பொறுப்பான அரசு 1948-இல்தான் வந்தது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகள் வீணாகவில்லை. பேசிப் பழகியவர்களும் முறையிட்டுத் தோற்றவர்களும் சிறை சென்றவர்களும் அந்த ஆண்டுகளில்தான் உருவானார்கள். குவைத்திலும் 1938-இல் கலைந்த மன்றத்தின் தலைவரே 1962-இல் அரசமைப்பைத் தந்தார். ஆகவே 2024-இல் பூட்டிய கதவை வரலாற்றின் இறுதிச் சொல்லாகக் கொள்ள வேண்டியதில்லை. தானாகத் திறந்துவிடும் என்று நம்பவும் காரணமில்லை.

மாணவர்கள் எந்த நாட்டைப் பற்றிப் படித்தாலும் அரசமைப்புச் சட்டம் உண்டா, நாடாளுமன்றம் உண்டா என்பதோடு நின்றுவிடக் கூடாது. அரசை நியமிப்பவர், நீக்குபவர், மன்றத்தைக் கலைப்பவர், வாக்களிப்பவர் ஆகிய நால்வரையும் தேடிப் பார்க்க வேண்டும். மன்னர் நல்லவரா என்று மட்டும் கேட்பது குடிமக்களின் கேள்வி ஆகாது. நல்லவர் அல்லாதவர் வந்தால் அவரைத் தடுக்க என்ன இருக்கிறது என்பதே அவர்கள் கேட்க வேண்டியது.